ஐஸ் ஹவுஸ் பெயர் எப்படி வந்தது? மரத்தூளை நம்பிக் கடல் கடந்து ஐஸ் விற்ற டியூடரின் கதை

சென்னை மெரினா கடற்கரைச் சாலையில் போகிறவர்கள் விவேகானந்தர் இல்லத்தைப் பார்க்காமல் கடந்திருக்க முடியாது. கடலைப் பார்த்து நிற்கும் அந்த வட்ட வடிவக் கட்டடம் இருக்கும் பகுதிக்கு ஐஸ் ஹவுஸ் என்று பெயர். பஸ் ஸ்டாப்புக்கும் அதே பெயர், போலீஸ் ஸ்டேஷனுக்கும் அதே பெயர். ஆனால் அங்கே இன்று ஐஸும் இல்லை, ஐஸ் கம்பெனியும் இல்லை.

1842-ல் அந்தக் கட்டடம் எழுந்தபோது அது உண்மையிலேயே ஐஸ் வைக்கிற வீடுதான். அப்போது ஃபிரிட்ஜ் கிடையாது, கரன்ட் கிடையாது, சூயஸ் கால்வாய்கூட வெட்டப்படவில்லை. அமெரிக்காவின் பாஸ்டன் நகரத்தைச் சுற்றியுள்ள ஏரிகளில் உறைந்த பனியை வெட்டி, கப்பலில் ஏற்றி, ஆப்பிரிக்காவைச் சுற்றிக்கொண்டு மெட்ராஸுக்குக் கொண்டுவந்தார்கள். மாதக்கணக்கில் நீளும் பயணம். வந்த ஐஸ் இங்கே அடித்த வெயிலிலும் புழுக்கத்திலும் அடுத்த கப்பல் வரும்வரை உருகாமல் இருக்க வேண்டும்.

இந்த வியாபாரத்தை உருவாக்கியவர் ஃபிரெட்ரிக் டியூடர். அவரை வரலாறு 'ஐஸ் ராஜா' என்று நினைவில் வைத்திருக்கிறது. ஆனால் ஐஸ் அவருக்கு ஏறக்குறைய சும்மா கிடைத்த பொருள். அவரைப் பணக்காரர் ஆக்கியது சுவர். வெப்பத்தை உள்ளே விடாத ஒரு சுவரை எப்படிக் கட்டுவது என்பதைக் கற்றுக்கொள்ள அவருக்குப் பத்து வருடம் பிடித்தது. அதற்குள் இரண்டு முறை சிறைக்கும் போய்வந்துவிட்டார்.

படிப்பை விட்ட பையன்

டியூடர் 1783 செப்டம்பர் 4 அன்று பாஸ்டனில் பிறந்தார். வசதியான குடும்பம். அப்பா வில்லியம் டியூடர் பெரிய வக்கீல், ஜார்ஜ் வாஷிங்டனின் படையில் சட்ட அதிகாரியாக இருந்தவர். சகோதரர்கள் ஹார்வர்டுக்குப் படிக்கப் போனார்கள். ஃபிரெட்ரிக் மட்டும் 13 வயதில் பள்ளியை விட்டு வியாபாரத்தின் பக்கம் திரும்பினார்.

1801-ல் அவருக்கு 17 வயது. அண்ணன் ஜான் ஹென்றிக்கு முழங்காலில் தீராத நோய். வெதுவெதுப்பான இடத்துக்குப் போனால் தேறும் என்று நம்பி, இருவரையும் கியூபாவின் ஹவானாவுக்கு அனுப்பினார்கள். நடந்தது நேர்மாறு. கோடை தொடங்கியதும் புழுக்கமும் கொசுவும் தாங்க முடியாமல் அண்ணனின் உடம்பு மேலும் மோசமானது. அவசரமாக அமெரிக்கா திரும்பினார்கள். அடுத்த சில மாதங்களிலேயே அண்ணன் இறந்துபோனார்.

குளிர்ச்சி என்பது எவ்வளவு பெரிய விஷயம் என்று டியூடர் நேரில் பார்த்தது அந்தப் பயணத்தில்தான். அவர் வீட்டிலோ ஐஸ் சாதாரணப் பொருள். குளிர்காலத்தில் குளத்திலிருந்து வெட்டி எடுத்துப் பண்ணை வீட்டில் பத்திரப்படுத்தி, கோடையில் பானங்களில் போட்டுக் குடிப்பது பாஸ்டன் பணக்காரர்களின் வழக்கம். இந்த ஐஸை வெப்ப நாடுகளுக்கு விற்றால் என்ன என்ற பேச்சு 1805-ல் குடும்பத்துக்குள் எழுந்தது. மற்றவர்கள் பேசியதோடு விட்டார்கள். டியூடர் ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கி, அந்த ஆகஸ்ட் மாதமே திட்டம் எழுத ஆரம்பித்துவிட்டார்.

முதல் கப்பல், முதல் அடி

தண்ணீரைக் கப்பலில் ஏற்ற எந்தக் கப்பல்காரரும் தயாராக இல்லை. ஐஸ் உருகினால் மற்ற சரக்கெல்லாம் நனைந்து வீணாகும், கப்பலே ஆட்டம் காணும் என்று பயந்தார்கள். வேறு வழியில்லாமல் 4,750 டாலர் கொடுத்து 'ஃபேவரிட்' என்ற கப்பலை டியூடரே வாங்கினார். 1806 பிப்ரவரியில், கரீபியன் கடலில் உள்ள மார்ட்டினிக் தீவுக்கு ஐஸ் கிளம்பியது. உள்ளூர்ப் பத்திரிகை கிண்டல் செய்தது. ஊரே சிரித்தது.

சிரித்தவர்கள் எதிர்பார்த்தது நடக்கவில்லை. மூன்று வாரம் கழித்துக் கப்பல் போய்ச் சேர்ந்தபோது ஐஸ் நல்ல நிலையில்தான் இருந்தது. பிரச்சினை கரையில் காத்திருந்தது. மார்ட்டினிக்கில் அந்த ஐஸை இறக்கி வைக்க ஓர் இடம் இல்லை. கப்பலில் வைத்தே விற்க வேண்டிய நிலை. வாங்கியவர்களுக்கும் அதை வீட்டில் எப்படி வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. உள்ளூர்த் தோட்ட உணவகக்காரர் ஒருவருக்கு ஐஸ்கிரீம் செய்துகாட்டி டியூடர் கொஞ்சம் காசு பார்த்தார். அதற்கு மேல் ஒன்றும் தேறவில்லை. மிச்ச ஐஸ் அவர் கண்முன்னாலேயே தண்ணீராகிப் போனது. ஆயிரக்கணக்கான டாலர் நஷ்டம்.

சரக்கை நல்ல நிலையில் கொண்டுபோய்ச் சேர்த்தாச்சு. ஆனால் அதை வைக்கக் கட்டடம் இல்லாததால் முதல் போச்சு. அந்தத் தோல்வியிலிருந்து டியூடர் எடுத்துக்கொண்ட பாடம் இதுதான்.

பாடம் புரிந்தாலும் அதைச் செயல்படுத்தப் பணம் வேண்டுமே? அப்பாவின் சொத்து ரியல் எஸ்டேட் முதலீட்டில் கரைந்துபோனது. 1807-ன் இறுதியில் அமெரிக்க அரசு வெளிநாட்டு வணிகத்துக்கே தடை போட்டது. 1812-ல் பிரிட்டனோடு போர் வந்தது. கடன் கொடுத்தவர்கள் விரட்டினார்கள். கடனைக் கட்ட முடியாதவர்களைச் சிறையில் தள்ளும் காலம் அது. 1812-லும் 1813-லும் டியூடர் சிறைக்குள் நாட்களைக் கழித்தார்.

ஹவானாவில் ஒரு மரப்பெட்டி

1815-ல் போர் முடிந்தது. டியூடருக்கு 32 வயது. மறுபடியும் 2,100 டாலர் கடன் வாங்கினார். அவரைப் பிடிக்க அதிகாரிகள் துறைமுகம்வரை வந்த நிலையில் ஹவானாவுக்குக் கப்பல் ஏறினார். இந்த முறை முதலில் அவர் யோசித்தது ஐஸைப் பற்றி அல்ல. கட்டடத்தைப் பற்றி.

அந்தக் கட்டடம் பெட்டிக்குள் பெட்டி போன்றது. வெளிக்கூடு பக்கத்துக்கு 25 அடி. உள்கூடு பக்கத்துக்கு 19 அடி. உயரம் 16 அடி. இரண்டு கூடுகளுக்கும் நடுவே எல்லாப் பக்கமும் மூன்றடி இடைவெளி. அந்த இடைவெளியை வெப்பம் கடத்தாத பொருட்களால் அடைத்தார். உள்ளே சுமார் 150 டன் ஐஸ் பிடிக்கும்.

கட்டியதோடு அவர் விடவில்லை. ஐஸ் உருகி வெளியே வடியும் தண்ணீரை அளந்தார். ஒரு பொருளை மாற்றிவிட்டு மறுபடி அளந்தார். கதவைத் திறந்தால் எவ்வளவு கூடுகிறது, மேலே போர்த்தினால் எவ்வளவு குறைகிறது என்று கணக்கு வைத்துக்கொண்டே இருந்தார். பள்ளிப் படிப்பைப் பாதியில் விட்டவர் செய்த இந்த வேலையைத்தான் இன்றைய கட்டட எஞ்சினியர்கள் சென்சாரும் கம்ப்யூட்டரும் வைத்துச் செய்கிறார்கள். தொழிலின் ஆரம்பத்தில் 66 சதவீதமாக இருந்த உருகல் நஷ்டம், அவருடைய கட்டடங்கள் தேறத் தேற 8 சதவீதத்துக்கும் கீழே வந்தது.

மரத்தூளில் அப்படி என்ன இருக்கிறது?

வைக்கோல், உமி, மரத்தூள் எனப் பலவற்றை அந்தத் தொழிலில் சோதித்துப் பார்த்தார்கள். கடைசியில் ஜெயித்தது மரத்தூள். பாஸ்டனுக்கு வடக்கே உள்ள மெய்ன் பகுதியின் மர அறுவை ஆலைகளில் அது குப்பையாகக் குவிந்து கிடந்தது. அள்ளிக்கொண்டு போனால் ஆலைக்காரருக்கே சந்தோஷம்.

வெப்பத்தைத் தடுப்பது உண்மையில் மரத்தூள் அல்ல, அதற்குள் சிக்கிக்கொண்ட காற்று. அசையாமல் நிற்கும் காற்று வெப்பத்தை மிக மெதுவாகத்தான் கடத்தும். ஆனால் வெறும் இடைவெளி விட்டால் உள்ளே காற்று சுழன்று வெப்பத்தைக் கொண்டுபோய்விடும். மரத்தூள் அந்தக் காற்றைச் சின்னச் சின்ன அறைகளாகப் பிரித்துச் சுழலவிடாமல் பிடித்துவைக்கிறது. மீன் விற்கிறவரின் தெர்மாகோல் பெட்டி வேலை செய்வதும் இப்படித்தான். காய்ந்த மரத்தூள் ஒரு அடி தடுக்கிற வெப்பத்தைத் தடுக்க, ஏறக்குறைய பத்து அடி செங்கல் சுவர் வேண்டியிருக்கும்.

வெயில் மட்டும்தான் எதிரி என்றால் கதை இத்தோடு முடிந்திருக்கும். ஹவானா, கல்கத்தா, மெட்ராஸ் போன்ற கடலோர, நதியோர ஊர்களில் இன்னொரு எதிரி உண்டு. அது காற்றில் இருக்கும் ஈரம்.

குளிர்ந்த தண்ணீர் பாட்டிலை மேஜையில் வைத்தால் வெளியே வியர்க்கிறது இல்லையா? காற்றில் உள்ள நீராவி குளிர்ந்த பரப்பில் பட்டுத் தண்ணீராக மாறுகிறது. மாறும்போது தன்னிடம் இருக்கும் வெப்பத்தை அங்கேயே இறக்கிவைத்துவிடுகிறது. ஒரு கிலோ நீராவி ஐஸ் மேல் படிந்தால், அது விடும் வெப்பத்தில் ஏழு கிலோவுக்கு மேல் ஐஸ் உருகிவிடும். அதாவது, சுவரில் ஒரு சின்ன ஓட்டை இருந்தால் உள்ளே வருவது வெறும் சூடான காற்று மட்டுமல்ல. ஈரக்காற்று, சாதாரண வெப்பத்தைவிடப் பெரிய சுமையைத் தூக்கிக்கொண்டு வருகிறது.

அதோடு, ஈரமான மரத்தூள் கெட்டியாகி அமுங்கிவிடும். காற்று இருந்த இடத்தில் தண்ணீர் புகுந்துவிடும். தண்ணீர் காற்றைப்போல் அல்லாமல் வெப்பத்தை நன்றாகக் கடத்தும். எனவே ஐஸ் வீட்டுக்கு மூன்று விஷயம் முக்கியம்: காற்று புகாத அடைப்பு, உருகிய தண்ணீர் தேங்காமல் வெளியேறும் வடிகால், கனமான குளிர்காற்று கீழே வழிந்து ஓடிவிடாத அமைப்பு. இதில் ஒன்று தவறினாலும் மற்ற இரண்டும் வீண்.

குதிரை இழுத்த கத்தி

ஹவானாவைத் தொடர்ந்து சார்ல்ஸ்டன், சவானா, நியூ ஆர்லியன்ஸ் என்று அமெரிக்காவின் தெற்கு நகரங்களில் டியூடர் ஐஸ் வீடுகள் கட்டினார். விற்கிற தந்திரமும் அவருக்குக் கைவந்தது. மதுக்கடைக்காரர்களுக்கு முதலில் ஐஸை இலவசமாகக் கொடுத்தார். ஜில்லென்று ஒருமுறை குடித்துப் பழகியவர் மறுபடி சூடான பானம் கேட்கமாட்டார் என்பது அவர் கணக்கு. அது பலித்தது.

இன்னொரு சிக்கல் ஐஸ் கட்டிகளின் வடிவம். கையால் வெட்டிய கட்டிகள் கோணல்மாணலாக இருந்தன. அடுக்கினால் நடுவே சந்து விழும், அந்தச் சந்தில் காற்று புகுந்து உருக்கும். 1825-ல் அவரிடம் வேலை பார்த்த நத்தேனியல் வயத், குதிரை இழுக்கும் ஏர் மாதிரியான ஒரு வெட்டுக் கருவியை உருவாக்கினார். உறைந்த ஏரியின் மேல் கோடு கிழித்தாற்போல அது ஓடும். ஒரே அளவுச் சதுரக் கட்டிகள் கிடைத்தன. வெட்டும் செலவு பெரிதாகக் குறைந்தது. அதைவிட முக்கியம், கட்டிகளை இடைவெளி இல்லாமல் அடுக்க முடிந்தது. ஆயிரம் கட்டிகள் சேர்ந்து ஒரே பெரிய கட்டியாகிவிட்டன.

பெரிய கட்டி மெதுவாக உருகும். ஒரு கனசதுரத்தின் பக்கத்தை இரண்டு மடங்காக்கினால் ஐஸின் அளவு எட்டு மடங்காகும்; வெப்பம் படுகிற பரப்பு நான்கு மடங்குதான் கூடும். கப்பல் நிறைய ஐஸ் கொண்டுபோவது பேராசை போலத் தெரிந்தாலும், அதுவே பாதுகாப்பு.

கல்கத்தா, பிறகு மெட்ராஸ்

1833 மே மாதம் 'டஸ்கனி' என்ற கப்பல் 180 டன் ஐஸோடு பாஸ்டனிலிருந்து கல்கத்தாவுக்குக் கிளம்பியது. சுமார் நான்கு மாதப் பயணம். வழியில் பூமத்திய ரேகையை இரண்டு முறை தாண்ட வேண்டும். செப்டம்பரில் கப்பல் போய்ச் சேர்ந்தபோது 100 டன் மிச்சம் இருந்தது.

அதுவரை கல்கத்தாவில் இருந்த வெள்ளைக்காரர்களுக்குக் கிடைத்தது, ஆழமற்ற மண் சட்டிகளில் குளிர்கால இரவில் தண்ணீர் ஊற்றி உறையவைத்த அழுக்குச் சகதி ஐஸ்தான். கண்ணாடிபோல் தெளிந்த அமெரிக்க ஐஸைப் பார்த்து அவர்கள் அசந்துபோனார்கள். அரசு சுங்க வரியை நீக்கியது. வெயிலைத் தவிர்க்க இரவில் சரக்கு இறக்கவும் அனுமதித்தது. நகரத்தார் சந்தா திரட்டி ஐஸ் வீடு கட்டிக் கொடுத்தார்கள். மார்ட்டினிக்கில் இல்லாமல் போனது, இங்கே ஊர்க்காரர்கள் செலவிலேயே கிடைத்தது.

பம்பாய், மெட்ராஸ் என்று வியாபாரம் விரிந்தது. மெட்ராஸில் அப்போது துறைமுகம் கிடையாது. கப்பல்கள் கடலில் தள்ளி நிற்கும். மசூலாப் படகுகள் அலையில் ஏறி இறங்கிச் சரக்கைக் கரைக்குக் கொண்டுவரும். ஐஸ் வீடு கடற்கரையிலேயே கட்டப்பட்டதன் காரணம் புரிகிறதா? கரையில் கழியும் ஒவ்வொரு நிமிடமும் சரக்கு உருகும்.

1846-47 குளிர்காலத்தில் வால்டன் குளத்திலும் ஐஸ் வெட்டினார்கள். அதன் கரையில் குடிசை போட்டு வாழ்ந்துகொண்டிருந்த எழுத்தாளர் தோரோ அதை வேடிக்கை பார்த்தார். பிற்பாடு 'வால்டன்' நூலில் அதைப் பற்றி எழுதியபோது மெட்ராஸின் பெயரையும் சேர்த்துக்கொண்டார்.

ஐஸ் யாருக்காக?

டியூடர் நல்லவரா என்றால், பதில் சுலபமில்லை. போட்டியாளர்களை ஒழிக்க விலையை அடிமட்டத்துக்குக் குறைப்பார், ஆட்சியாளர்களிடம் ஏகபோக உரிமை கேட்டு நிற்பார். ஹவானா, மார்ட்டினிக், சார்ல்ஸ்டன் போன்ற அவருடைய சந்தைகள் அடிமைகளின் உழைப்பில் செழித்த ஊர்கள். கல்கத்தாவிலும் மெட்ராஸிலும் அவருடைய ஐஸைச் சுவைத்தவர்கள் பெரும்பாலும் ஆங்கிலேயர்களும் உள்ளூர்ச் செல்வந்தர்களும்தான். சுமந்தவர்களுக்கு அது எட்டாத பொருள்.

பேராசை அவரையும் விடவில்லை. 1834-ல் காபி விலை ஏறும் என்று பந்தயம் கட்டி 2 லட்சம் டாலருக்கு மேல் இழந்தார். அதே வருடம்தான், 50 வயதில், யூஃபீமியா ஃபென்னோவைத் திருமணம் செய்துகொண்டார். கடனை அடைக்கப் பத்தாண்டுகளுக்கு மேல் ஆனது. அடைத்துக் கொடுத்தது கல்கத்தா ஐஸ்தான். 1864 பிப்ரவரி 6 அன்று இறந்தபோது அவர் பெரும் பணக்காரர்.

அவருக்குப் பின் அந்தத் தொழில் நீண்ட நாள் நிலைக்கவில்லை. 1870-களில் நீராவி இயந்திரம் மூலம் ஐஸ் தயாரிக்கும் முறை இந்தியாவுக்கே வந்துவிட்டது. கப்பல் ஐஸுக்கு மவுசு போனது.

ஒன்றரை டன் ஏசி என்றால் என்ன?

டியூடரின் தொழில் மறைந்தாலும் அதன் அளவுகோல் ஒவ்வொரு வீட்டுச் சுவரிலும் தொங்குகிறது. ஏசி வாங்கும்போது ஒரு டன், ஒன்றரை டன் என்கிறோமே, அது மெஷினின் எடை அல்ல. ஒரு அமெரிக்க டன், அதாவது 907 கிலோ ஐஸ், 24 மணி நேரத்தில் உருகும்போது எவ்வளவு வெப்பத்தை இழுத்துக்கொள்ளுமோ அவ்வளவு குளிர்ச்சி. கிலோவாட்டில் சொன்னால் சுமார் 3.5.

இந்தக் கணக்கை ஓர் ஆபீஸ் கட்டடத்துக்குப் போட்டுப் பார்க்கலாம். 100 டன் திறன் உள்ள ஏசி அமைப்பு ஒரு நாள் முழுக்க முழு வேகத்தில் ஓடினால், டஸ்கனி கப்பல் நான்கு மாதம் பயணம் செய்து கல்கத்தாவில் சேர்த்த ஐஸ் அத்தனையும் ஒரே நாளில் உருகியதற்குச் சமம். டியூடராக இருந்திருந்தால் வடிகாலில் தண்ணீர் ஓடுவதைப் பார்த்துத் தூங்கியிருக்கமாட்டார். இன்று அந்த நஷ்டம் கண்ணுக்குத் தெரிவதில்லை. மாதம் ஒருமுறை கரன்ட் பில்லாக மட்டும் வருகிறது.

அவருடைய விதிகள் மாறவில்லை. சென்னை போன்ற ஊரில் வணிகக் கட்டடத்துக்கு இன்சுலேஷன் போடும்போது, ஈரம் வெளியிலிருந்து உள்ளே வரும் என்பதை நினைவில் வைக்க வேண்டும். நீராவியைத் தடுக்கும் படலம் சுவரின் வெளிப்பக்கம், அதாவது சூடான பக்கம் இருக்க வேண்டும். குளிர் நாடுகளில் அது உள்பக்கம். அங்கே போடுவதை அப்படியே இங்கே போட்டால், சுவருக்குள்ளேயே ஈரம் தேங்கி இன்சுலேஷன் நனையும், பூஞ்சை பிடிக்கும். வெயில் நேராக அடிக்கும் மொட்டை மாடிக்கு முதல் கவனம் தேவை. கதவு, ஜன்னல், குழாய் நுழையும் ஓட்டை எல்லாம் காற்று கசியாமல் இருக்க வேண்டும். 2007-ல் மத்திய அரசு கொண்டுவந்த, பெரிய வணிகக் கட்டடங்களுக்கான எரிசக்தி சேமிப்பு விதித்தொகுப்பும், வெப்பமும் ஈரமும் கலந்த பகுதிகளைத் தனி மண்டலமாகப் பிரித்து, சுவருக்கும் கூரைக்கும் கண்ணாடிக்கும் வரம்பு சொல்கிறது.

சுவரில் திறந்த ஜன்னல்

மெட்ராஸ் ஐஸ் ஹவுஸின் பிற்காலம் இன்னொரு பாடத்தைச் சொல்கிறது. ஐஸ் வியாபாரம் படுத்த பிறகு அந்தக் கட்டடத்தை வக்கீல் பிலிகிரி ஐயங்கார் வாங்கினார். ஐஸுக்காகக் கட்டிய இடத்தில் காற்றோட்டம் ஏது? மனிதர் குடியிருக்க வேண்டி, சுற்றிலும் வராந்தா அமைத்து ஜன்னல்களைத் திறந்தார். 1897 பிப்ரவரியில் சுவாமி விவேகானந்தர் வந்து தங்கியது அப்படி ஜன்னல் வைத்த வீட்டில்தான்.

ஒரே கட்டடம், இரண்டு தேவைகள். குளிரை அடைத்துவைக்க வேண்டுமென்றால் இறுக்கமான, தடித்த, காற்றுப் புகாத சுவர் வேண்டும். இயந்திரம் இல்லாமல் புழுக்கத்தில் வாழ வேண்டுமென்றால் காற்று ஓட வழி வேண்டும். இரண்டில் எது என்று கட்டும்போதே முடிவு செய்ய வேண்டும். இன்றைய பல வணிகக் கட்டடங்கள் இரண்டிலும் சேர்வதில்லை. ஜன்னலைத் திறக்க முடியாது. சுவரும் மெல்லிய கண்ணாடி. ஏசி போட்டும் குளிரலையே என்று உள்ளே இருப்பவர்கள் ரிமோட்டை அழுத்திக்கொண்டிருக்கிறார்கள்.

கல்கத்தா, பம்பாய் ஐஸ் வீடுகள் இன்று இல்லை. இந்தியாவில் மிஞ்சி நிற்பது மெரினாவில் இருப்பது மட்டுமே. அடுத்த முறை ஐஸ் ஹவுஸ் ஸ்டாப்பில் பஸ் நிற்கும்போது அந்தக் கட்டடத்தைப் பாருங்கள். அதன் ஜன்னல்கள் எல்லாம் பிறகு வந்தவை. முதலில் இருந்தது சுவர் மட்டும்தான்.